ஓடும் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்

1

எங்கள் ரப்பர் தோட்டத்தில் போன வாரம் எல்லோருக்கும் அடையாளச் சீட்டு எழுதினார்கள். மலாயாவில் இப்போது அந்தச் சீட்டு இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்களாம். அவர்கள் யார், நாங்கள் யார் என்று சர்க்காருக்குப் பிரித்துத் தெரிய வேண்டுமாம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கும் முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் கணவர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். நான் இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு மலாய் மொழி கொஞ்சம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் சீட்டு எழுத வந்த மலாய்க்காரத் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார்த்தி வைத்தார்கள். பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்று அவர் கேட்பார். நான் தமிழில் கேட்டு மலாயில் சொல்வேன். என் முறை வந்தபோது பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். அவர் பேனாவைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். கட்டம் சின்னது, உன் ஊர் பெரியது என்று சிரித்துவிட்டு "இந்தியா" என்று எழுதி முடித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மத்தியானம் ஒரு கிழவர் வந்தார். வலது கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும் என்று மைப்பலகையை நகர்த்தினார் தம்பி. கிழவர் கையை நீட்டினார். கட்டைவிரல் இல்லை. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர் போல அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

"ஸ்டோர் மெஷின் எடுத்துக்கிட்டும்மா. ரொம்ப நாளாச்சு. இதுக்காகச் சீட்டு இல்லைன்னுருவாரா?" என்று என்னிடம் கேட்டார்.

ஸ்டோர் என்று இங்கே சொல்வது ரப்பர் பாலைக் கெட்டியாக்கித் தகடாக உருட்டும் கொட்டகையை. தம்பிக்குக் கொடுத்திருந்த விதிகளில் விரல் இல்லாதவனுக்கு என்ன செய்வது என்று எங்கோ இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய அதிகாரி வரும்வரை கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இடது கட்டைவிரல் போதும் என்று ஆயிற்று. அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

எங்கள் தோட்டத்துத் துரை அந்தப் பக்கம் வந்தவர் இதையெல்லாம் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் என் கணவரிடம், "உன் மனைவி இந்தியாவில் ஒரு மில்லில் மெஷினில் கை போகாமல் வேலை செய்யத்தானே சொல்லிக்கொடுத்தாள் என்றாய். இங்கேயும் ஸ்டோர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்" என்றாராம். ஆயுத பூசைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஆயுத பூசை வந்தாலே எனக்கு அந்த மில்லில் பார்த்த மாரி என்ற பெண்ணின் ஞாபகம் வந்துவிடும். அந்த ஞாபகம் இந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

2

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பேக்டரி மேனேஜர் எனக்கு ஆள் அனுப்பினார்.

"பொம்பளையாளுக்குப் பொம்பளை சொன்னாத்தான் மண்டையில ஏறும். நான் சொன்னா முன்னால தலைய ஆட்டிட்டு, பின்னால போய்ச் சிரிக்காளுக" என்றார் மேனேஜர். நெற்றியில் திருமண், கையில் சாவிக்கொத்து. நல்ல மனுஷர்தான். அதற்கு முந்தைய மாதம் பொன்னுத்தாயி என்ற பெண்ணுக்கு மெஷினில் இடது கை விரல்கள் போய்விட்டன. சர்க்கார் பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஆட்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காமல் ஓட்டக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். பருத்தி சீசன் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். லீவு நாட்களில் காலையிலேயே போய்விடுவேன்.

ஜின் மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான கொட்டகை. மேலே கூரை ஓரமாக ஒரு பெரிய இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். பெண்கள் மெஷின் முன்னால் வரிசையாக நின்று விதைப் பருத்தியை அள்ளிப் போடுவார்கள். தோல் சுற்றிய உருளை பஞ்சைப் பிடித்து இழுக்கும், கத்தி கொட்டையைத் தட்டிவிடும். உருளைக்குப் பஞ்சு எது விரல் எது என்று பேதம் கிடையாது. பக்கத்தில் ஒரு மரத்தடி இருக்கும். அதைத் தள்ளினால் பெல்ட் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு நகர்ந்துவிடும், அந்த ஒரு மெஷின் மட்டும் நின்றுபோகும். ஆனால் அந்தத் தடியை யாரும் தள்ளுவது இல்லை. ராத்திரி ஆள் விலக, காலை ஆள் அதே இடத்தில் நிற்க, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

பாடம் கொட்டை குடோன் நிழலில் நடக்கும். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள், தூசிக்குத் தனித்துணி கட்டுங்கள், முந்தானையை இடுப்பில் செருகுங்கள், சடையைக் கொண்டையாகப் போடுங்கள் என்றேன். பஞ்சுத் தூசியில் இருமாத பெண் அங்கே ஒருத்தியும் இல்லை. அதனால் துணி கட்டச் சொன்னதை நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். இரண்டே நாளில் எல்லோரும் கொண்டை. நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றிவிட்டது.

அப்புறம் ஒரு லீவு நாளில் காலை ஆள் மாறும் நேரத்தில் போனேன். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணும் மெஷின் முன்னால் நின்று, வலது கை விரலால் அந்த உருளைக் கட்டையை ஒரு தொடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உருளை ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்ட விரல் திரும்பி வருகிறது. அடுத்தவள் தொடுகிறாள்.

எல்லோரும் ஒரு விரலால் தொட்டார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஓடும் உருளையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். யார் என்று கேட்டேன். பொன்னுத்தாயியின் தங்கச்சி மாரி என்றார்கள். அக்காள் நின்ற அதே மெஷினில் தங்கச்சி நிற்கிறாள்.

3

"அம்மா, மெஷினைக் கும்பிட்டா அது என்ன செய்யும்?" என்று எஸ்தர் நேற்றுக் கேட்டாள். என் மூத்த மகள். இங்கேயே பிறந்தவள், பட்டணத்து இங்கிலீஷ் கான்வென்டில் படிக்கிறாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஆட்கள் ஆயுத பூசைக்கு ஸ்டோரைக் கழுவி மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அது ஒண்ணும் செய்யாது. கும்பிடுறவங்களுக்கு மனசு திடமாகும்" என்றேன்.

"நாமதான் கும்பிடுறது இல்லையே. நமக்கு எப்படித் திடமாகும்?"

"நாம வேற மாதிரி ஜெபம் பண்றோம்."

"ரொம்ப சூசாம்மா இதெல்லாம்" என்று போய்விட்டாள். சூசா என்றால் மலாயில் தொல்லை, சிரமம். என் பிள்ளைகள் தமிழில் பேச ஆரம்பித்து, பாதி வழியில் மலாயில் இறங்கி, இங்கிலீஷில் வீடு போய்ச் சேர்வார்கள். கண்டிக்கலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கே சந்தையில் முதலில் மலாய்தான் வருகிறது. ஊருக்கு எழுதும்போது மட்டும் நல்ல தமிழில் எழுதுகிறேன், நீங்கள் சிரிக்கக் கூடாது என்பதற்காக. எஸ்தருக்கு ராஜபாளையம் என்றால் நான் அடிக்கடி சொல்லும் ஒரு பெயர், அவ்வளவுதான். மாரியின் கையைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

4

மாரி ஓடும் உருளையில் கை வைத்ததைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே பாடத்தில் சொல்லிவிட்டேன். "ஓடுற மெஷினை யாரும் தொட்டுக் கும்பிடக் கூடாது."

அந்தப் பெண்களுக்கு மேஸ்திரி குருவம்மா. வீட்டில் தெலுங்கு, வெளியில் கணீரென்று தமிழ். காதில் தண்டட்டி ஆட எழுந்து நின்றாள்.

"சாலு, டீச்சரம்மா, சாலு" என்றாள். போதும் என்று அர்த்தம். "முந்தானையச் செருகுன்னிய, செருகுனோம். கொண்டை போடுன்னிய, போட்டோம். இப்போ எங்க சாமியவும் கும்பிடாதேங்கிய. நாளைக்கு ஒங்க கோயிலுக்கு வரச் சொல்லுவியளோ?"

"ஐயோ, நான் அதுக்குச் சொல்லல. கை போயிரும்மா."

"கும்பிட்டா கை போகுமா? நல்லாருக்கே ஒங்க பேச்சு."

நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். அது எனக்கு மறந்துபோயிருந்தது. அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட மறந்திருக்கவில்லை. மறுநாளே பேக்டரி முழுக்கப் பேச்சு, டீச்சரம்மா ஆட்களை மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க முந்தானை சடையோட நிறுத்திக்கிடுங்கம்மா. சாமி விஷயத்துல கைய வைக்காதிய" என்றார்.

"சரி, நான் பேசலை. ஆள் மாறும்போது மட்டும் மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. நின்ன மெஷினை அவங்க எம்புட்டு நேரம் வேணாலும் கும்பிடட்டும்."

"அம்புட்டு மெஷினையும் நிறுத்தி எடுத்தா, திரும்பி ஓட்டம் பிடிக்கச் செத்த நேரம் ஆகும். உருளையில பஞ்சு சுத்திக்கிடும். தினம் ரெண்டு தடவ இதே கூத்துன்னா மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"விரல் போனா என்ன பதில் சொல்வீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு நடந்தது எனக்கும் சங்கடந்தான். ஆனா முடியாதும்மா" என்றார்.

இனி பொன்னுத்தாயிதான் வழி என்று அவள் வீட்டைத் தேடிப் போனேன். துணி சுற்றிய இடது கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மாரி பக்கத்தில் உட்கார்ந்து அக்காள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்பு மூட்டுவது, அக்காளுக்குச் சேலை கட்டிவிடுவது, சோறு வடிப்பது எல்லாம் மாரியின் கைதான். அந்த வீட்டில் முழுசாக இருந்தது அவள் கை மட்டும்தான்.

என்ன நடந்தது என்று பொன்னுத்தாயியே சொன்னாள்.

"தப்பு எம்பேர்லதான் டீச்சரம்மா. அன்னைக்கு வலது கையில பருத்திக் கூடை இருந்துச்சு. எறக்கி வைக்கச் சோம்பப்பட்டுக்கிட்டு, இடது கையால தொட்டுட்டேன். இடது கையால தொட்டா சாமி சும்மா விடுமா?"

"அதான் நான் ரெண்டு கையாலயும் தொடுதேன்" என்றாள் மாரி, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா பண்ணுன மரியாதக் கொறச்சலுக்கும் சேத்து."

விரல் போனால் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் நான் பாடம் நடத்தினேன். இவர்களோ விரல் போனதால்தான் அதிகமாகத் தொடுகிறார்கள். மாரி வெளியே போனதும் பொன்னுத்தாயியிடம் கெஞ்சினேன். "நீ சொன்னா கேப்பா. தொடாதேன்னு சொல்லு."

"நான் சொன்னா, கைய எடுத்ததுக்கு சாமிகிட்டக் கோவிச்சுக்கிட்டுப் பேசுதேன்னுல்லா நெனைப்பா. இன்னும் ஒருக்கா சேத்துத் தொடுவா" என்றாள். பிறகு மாரி போன வாசலைப் பார்த்து, "அவ கைதான் டீச்சரம்மா எனக்கும் கை. நீங்க ஏதாச்சும் செய்யுங்க" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையாக வந்தது. அந்த அக்காள் தங்கச்சி இரண்டு பேர் மேலேயும் கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது. அதன் பிறகு லீவு நாட்களில் காலையில் போய், மாரி வரும் நேரத்தில் அவள் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். நான் நின்று என்ன ஆகப்போகிறது? அவள் உள்ளங்கை உருளையில் பட்டு மீளும்வரை நான் மூச்சுவிட மாட்டேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது. பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் அந்த நேரத்துக்கு வகுப்பில் நின்றபடி நினைத்துக்கொள்வேன்.

5

ஆடி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். பேக்டரிக்கு அன்று லீவு. பாதிப் பெண்கள் வடம் பிடிக்கக் கிளம்பி வந்துவிட்டார்கள். அந்தத் தேரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அசைந்து நிலைக்கு வந்து சேர்வதற்குள் வடம் பிடித்தவர்கள் உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்துவிடும். நாங்கள் வேதக்காரர்கள் என்றாலும் அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்கள். தேர் எந்த முக்கில் நிற்கிறது என்று எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அதே பேச்சுதான்.

மறுநாள் எங்கள் பள்ளிக்கூடம் லீவு, நான் பேக்டரியில் இருந்தேன். மத்தியானம் சோற்று நேரம். எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குருவம்மாவுக்கு என்னைச் சீண்டாமல் சோறு இறங்காது.

"ஏட்டி மாரி, நேத்து வடத்தத் தொட்டியே, டீச்சரம்மாகிட்டக் கேட்டுக்கிட்டியா? அவிய தேரையும் தொடக் கூடாதும்பாவ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "வடத்தைத் தொட்டீங்க சரி. தேர் ஓடும்போது சக்கரத்தை யாராவது தொட்டுக் கும்பிட்டீங்களா?" என்றேன். வாதத்துக்காகச் சொன்னதுகூட இல்லை. வாய்ச் சண்டையில் வந்தது.

"ஓடுற சக்கரத்துக்கிட்ட எவ போவா? கிறுக்கா எங்களுக்கு?" என்றாள் குருவம்மா. "முட்டுக்கட்டை போட்டு, தேரு அசையாம நின்ன பொறவுல்லா தேங்கா உடைக்கோம், சூடம் காட்டுதோம். சாமி போய்க்கிட்டிருக்கப்போ குறுக்க கைய நீட்டுனா அது மரியாதையா?"

சொல்லிவிட்டு ஒரு கவளம் எடுத்தாள். எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

மாரி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்போ இடது கையால தொட்டதுல கோவம் இல்லையாக்கா?" என்றாள். "ஓடுறப்போ தொட்டதுலதான் கோவமா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. அன்றைக்கு மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது வேதக்காரியின் வார்த்தையாகிக் கெட்டுப்போயிருக்கும். குருவம்மா கவளத்தைச் சட்டியிலேயே திருப்பி வைத்தாள். "நாமளும் இத்தன நாளா சாமி வேலையா இருக்கப்போ குறுக்க கைய நீட்டியிருக்கோம்" என்றாள் கடைசியில், மெதுவாக.

அடுத்த லீவு நாள் காலையில் நான் போனபோது சங்கு ஊதி முடிந்திருந்தது. மாரி தன் மெஷின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி ஆள் விலகப் பார்த்தபோது, "நிறுத்திட்டுப் போக்கா" என்றாள். அந்தப் பெண் தடியைத் தள்ளினாள். பெல்ட் நகர்ந்தது, உருளை தளர்ந்து தளர்ந்து நின்றது. மாரி இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து, கண்ணை மூடி, நிதானமாகக் கும்பிட்டாள். பக்கத்து மெஷினும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன இது, ஸ்டிரைக்கா?"

"ஸ்டிரைக்குமில்ல ஒண்ணுமில்லங்கய்யா" என்றாள் குருவம்மா. "சாமி நிக்கட்டும். கும்பிட்டுட்டு ஓட்டுதோம். ஓடுற சாமியத் தொட்டதாலதான் பொன்னுத்தாயிக்கு அப்படி ஆச்சு. இனிமே தினம் இப்படித்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா சொல்லிக்கொடுத்ததா?"

"அவியளா? அவிய தொடவே கூடாதுன்னுல்லா சொன்னாவ. நாங்க கேக்கல. இது எங்க வழக்கம்" என்றாள் குருவம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

மேனேஜர் நின்ற மெஷின்களைப் பார்த்தார். கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். நான் கேட்டபோது முடியாது என்றவர், சாமிக்காக நிற்கட்டும் என்பவர்களிடம் எப்படி முடியாது என்பார்? நெற்றியில் திருமண் இருக்கிறதே. அவர் கையும் தானாகக் குவிந்தது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. பஞ்சுத் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

6

சீசன் முடிந்தது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். கணவர் மலாயாவில் வேலை, கப்பல் ஏறிவிட்டேன். போவதற்கு முன்னால் ஒருநாள் பேக்டரிக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மாரி கண்ணாடி வளையல் நிறையப் போட்டுக்கொண்டு வழியனுப்ப வாசல்வரை வந்தாள். "அக்கரையிலயும் மெஷினு உண்டா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

அப்புறம் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் வந்தான். வருஷக்கணக்கில் தபால் இல்லை, ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலம். யுத்தத்தில் பேக்டரிகளை ராவும் பகலும் விரட்டி விரட்டி ஓட்டினார்களாம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்படி விரட்டும்போது ஒரு மெஷினை நிறுத்திக் கும்பிட விடுவார்களா? மேனேஜர் மாறியிருந்தால்? குருவம்மா போய்ச் சேர்ந்திருந்தால்? அந்தப் பெண்களுக்கும் வேலை அவசரத்தில் பழையபடி ஓடும்போதே ஒரு தொடு தொட்டுவிடும் பழக்கம் திரும்பியிருக்கலாம். மாரியானால் ஒரு கையால் தொடுகிறவள் இல்லையே. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். பதில் சொல்ல ஆள் இல்லாமல் நானும் இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். என் கணவரிடம் சொன்னால், "நல்லாத்தான் இருப்பா, விடு" என்பார். அவருக்கு எல்லோரும் நல்லாத்தான் இருப்பார்கள்.

7

நேற்று ஆயுத பூசை. இன்று காலை துரை சொன்னபடி ஸ்டோருக்குப் போனேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ராஜபாளையத்தில் இருந்ததைவிட அதிகமாகவே யோசித்து வைத்திருந்தேன். முதலில் இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்று ஓரமாக நின்றேன். எஸ்தரும் கூட வந்திருந்தாள், பள்ளிக்கூடம் லீவு.

ரப்பர் உருட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இரும்பு உருளைகள், நடுவில் வெள்ளைத் தகடு நசுங்கிக்கொண்டு வரும். கிழவரின் கட்டைவிரல் போன மெஷின் அதுதான். ஒரு பெண் வேலையை விட்டு விலக, புதிதாக ஒரு பெண் வந்து நின்றாள். போன மாதம்தான் ஊரிலிருந்து புருஷனோடு வந்தவள், பெயர் செண்பகம் என்று பக்கத்தில் இருந்த கங்காணி சொன்னார். அவள் மெஷினைப் பார்த்தாள். சட்டென்று கைப்பிடியைத் தள்ளி அதை நிறுத்தினாள். உருளை அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தாள். தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஓட்டினாள்.

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் புள்ள தினம் இப்படித்தான் டீச்சர், நிறுத்தி நிறுத்தி ஓட்டுது. நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

கிட்டத்தில் போய், "எந்த ஊரும்மா உனக்கு?" என்றேன்.

"தேவதானம். சேத்தூர் பக்கம். கல்யாணத்துக்கு முந்தி ராஜபாளையத்துல ஜின்னிங் பேக்டரியில இருந்தேன்."

"மெஷினை நிறுத்திட்டுத் தொட யாரு சொல்லிக்கொடுத்தா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இதச் சொல்லி வேற கொடுக்கணுமாக்கும்? எங்க ஊர்ல காலங்காலமா இப்படித்தான். ஓடுற சாமியத் தொடுவாகளா யாராச்சும்? தேரு நின்ன பொறவுதான சூடம் காட்டுதோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தக் காலத்துல ஒரு வேதக்கார டீச்சரு வந்து, தொடவே கூடாதுன்னு தடுத்துப் பாத்தாளாம். எங்க ஆளுக விடலியாம்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணால் அவளை அடக்கினேன்.

"விடலியாமா? யாரு சொன்னா உனக்கு?"

"எங்க மேஸ்திரிதான். மாரியக்கான்னு. அதுதான் புதுசா வாரவளுக்கெல்லாம் கத சொல்லும். நிறுத்தாமத் தொட்டா மண்டையில ஒண்ணு வைக்கும்."

மேலே கேட்க எனக்குப் பயமாக இருந்தது. மேஸ்திரி என்றால் மெஷினில் கை வைக்க வேண்டியதில்லை. கை இல்லாமலும் மேஸ்திரியாக இருக்கலாம். ஆனாலும் கேட்டேன். "அந்த மாரியக்கா எப்படித் தொட்டுக் கும்பிடும்?"

"நாங்கள்லாம் ஒரு வெரலால தொடுவோம். அது இன்னா, இப்படி" என்று செண்பகம் இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையை விரித்து, எல்லா விரலையும் அகட்டிக் காட்டினாள். "ரெண்டு கையாலயும் வைக்கும். கையில வளையல் கலகலன்னு கெடக்கும். பாக்கவே அழகா இருக்கும்."

வீட்டுக்கு நடக்கும்போது எஸ்தர் கேட்டாள், "அது நீங்கதானேம்மா? ஏன் சொல்லல? அவங்க உங்களைத் தப்பாச் சொல்றாங்க."

"சொல்லட்டும்."

"சூசாவா இல்லையா உங்களுக்கு?"

இல்லை என்றேன். ஸ்டோர் ஆட்களுக்குச் செண்பகமே பாடம் சொல்லிக்கொடுக்கட்டும் என்று துரையிடம் சொல்லிவிடப் போகிறேன். கங்காணி அவளைத் தடுக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ராஜபாளையத்தில் நான் கும்பிட விடாத பொல்லாத டீச்சராகவே இருந்துகொள்கிறேன். அந்த ஊரில் யாரும் என்னைத் திருத்தி எழுத வேண்டாம். மாரிக்குப் பத்து விரலும் இருக்கிறது.